ஒரு வரிக் கட்டளையும் கிளஸ்டரின் சாவியும்

மென்பொருளைச் சர்வர்களில் ஏற்றி இயக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் கருவியொன்றை மடிக்கணினியில் நிறுவி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால், அதைக் கிளஸ்டரில் நிறுவுவது அதே கட்டளையை இன்னொரு முறை அடிப்பதைத் தவிர வேறில்லை என்னும் கருத்து இன்று கணினித் துறையில் ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவுகிறது. பயிற்சி வகுப்புகளும் யூடியூப் பாடங்களும் இதையே சொல்கின்றன. கருவிகளை உருவாக்குவோர் தரும் அறிமுகக் குறிப்புகளும் ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணத்தையே ஊட்டுகின்றன. சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்ப்பவர் மட்டுமல்லாமல், ரஞ்சன்குடி போன்ற ஊர்களிலிருந்து பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் மாணவரும் இந்த எண்ணத்தோடுதான் இத்துறைக்குள் காலடி வைக்கின்றனர். இக்கருத்து தவறானது, அதைவிட, அது மறைப்பது எதுவோ அதுவே கற்க வேண்டிய முதற்பாடம் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதிக்கு இமேஜ் என்று பெயர். அந்தப் பொதி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் கண்டெய்னர் எனப்படும். பல சர்வர்களை ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைத்து, எந்தக் கண்டெய்னர் எந்தச் சர்வரில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் எங்கே மீண்டும் எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு குபர்நெட்டிஸ். கூகுள் அதை 2014இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அப்படி இணைக்கப்பட்ட சர்வர்களின் தொகுதியே கிளஸ்டர், அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் நோட். இந்தக் கிளஸ்டருக்கு எதை ஏற்ற வேண்டும் என்று கையால் சொல்லிக்கொண்டிருக்காமல், சொல்வதற்கென்றே எழுந்தவை டெப்ளாய்மென்ட் கருவிகள்: 2015இல் டெய்ஸ் என்னும் நிறுவனத்தில் தொடங்கிய ஹெல்ம், இன்ட்யூட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆர்கோ சிடி ஆகியவை அவற்றுள் பரவலாகப் புழங்குபவை.

மறுக்கப்படும் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கண்டெய்னரின் இயல்புதான். எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காகவே கண்டெய்னர் உருவானது, ஆகவே மடிக்கணினியில் ஓடியது கிளஸ்டரிலும் ஓடும் என்பது வாதம். கண்டெய்னருக்குள் இருப்பதைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. ஆனால் டெப்ளாய்மென்ட் கருவியின் வேலை கண்டெய்னருக்குள் நடப்பதன்று. அது கிளஸ்டரின் நிர்வாகத்தோடு பேசி, பிற மென்பொருள்களை உருவாக்கவும் மாற்றவும் அழிக்கவும் செய்கிறது. சாதாரண மென்பொருளுக்குத் தேவைப்படுவது ஓட ஓரிடம். இக்கருவிக்குத் தேவைப்படுவதோ அதிகாரம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ஒரு வலைத்தளத்தை ஏற்றுவதும் வலைத்தளங்களை ஏற்றும் கருவியை ஏற்றுவதும் ஒரே வகையான செயல் என்று கொள்வதில்தான் முழுப் பிழையும் அடங்கியிருக்கிறது.

அந்த அதிகாரம் எவ்வளவு என்பதை ஆர்கோ சிடியின் நிறுவல் கோப்பைத் திறந்து பார்த்தாலே அறியலாம். வழக்கமாகச் சொல்லித்தரப்படும் கட்டளை, இணையத்திலுள்ள ஒரு நீண்ட கோப்பை நேரே கிளஸ்டருக்கு அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அக்கோப்பின் நடுவே, கிளஸ்டர் முழுவதற்குமான அதிகாரப் பட்டியல் ஒன்று, அதாவது குபர்நெட்டிஸ் மொழியில் கிளஸ்டர்ரோல், இருக்கிறது. அதில் எந்தப் பிரிவைச் சேர்ந்த பொருள்கள் என்னும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, எந்தப் பொருள்கள் என்னும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, என்னென்ன செய்யலாம் என்னும் இடத்தில் இன்னொரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் அனைத்தும். கிளஸ்டரிலுள்ள எந்தப் பொருளையும் எதுவும் செய்யலாம் என்னும் உரிமைப் பத்திரம் மூன்று குறிகளில் எழுதப்பட்டு, கோப்பைப் படிக்காமலே கட்டளையை அடித்தவரால் கையெழுத்திடப்பட்டுவிடுகிறது. இது அக்கருவியை உருவாக்கியோரின் குற்றமன்று. எதை ஏற்றச் சொல்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாத கருவி பரந்த உரிமையைக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கருவி ஓடும் கிளஸ்டரில் இந்தப் பரந்த உரிமையைக் கேட்காமல், ஒரு நேம்ஸ்பேஸ் அளவிலான உரிமையோடு, அதாவது கிளஸ்டருக்குள் வகுக்கப்பட்ட ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும் நின்று, இயங்கும் மாற்றுக் கோப்பையும் அவர்களே தருகின்றனர். பழி, அந்த இரண்டாவது கோப்பு இருப்பதைக்கூடச் சொல்லாமல் முதலாவதை மட்டும் ஓதும் பயிற்சி மரபுக்கே உரியது.

மடிக்கணினியில் இது ஏன் தெரிவதில்லை? கைண்ட், மினிகியூப், கே3எஸ் போன்றவை ஒரே கணினிக்குள் ஒரு சிறு கிளஸ்டரை எழுப்பித் தர வல்லவை. அதை எழுப்பியவர் அந்தக் கிளஸ்டரின் முழு அதிகாரியாகவே பிறக்கிறார். அவருக்கு எதுவும் மறுக்கப்படுவதில்லை. உரிமை இல்லை என்னும் விடையை ஒருமுறைகூடச் சந்திக்காமல் ஒரு மாணவர் ஒரு முழுப் பருவத்தையும் கடந்துவிட முடியும். பிறகு ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, முதன்முறையாக மறுப்பு வந்ததும், அதைத் தீர்க்கத் தேடும்போது கிடைப்பது பெரும்பாலும் ஒரே மருந்து: கிளஸ்டர் அட்மின் உரிமையைக் கொடுத்துவிடு. உள்ளூர்ப் பயிற்சி மறைத்தது எதுவோ அது வெளியே வரும் கணத்திலேயே மீண்டும் மூடப்படுகிறது.

இதற்குச் சான்றாக ஹெல்மின் வரலாறே போதும். 2016இல் வந்த ஹெல்மின் இரண்டாம் பதிப்பு இரு பகுதிகளாக இருந்தது: மடிக்கணினியில் ஒரு கட்டளை நிரல், கிளஸ்டருக்குள் டில்லர் என்னும் இன்னொரு நிரல். மடிக்கணினியில் ஒரே ஒரு தொடக்கக் கட்டளையை அடித்தால், அந்நேரம் எந்தக் கிளஸ்டரோடு தொடர்பு இருந்ததோ அதற்குள் டில்லர் போய் உட்கார்ந்துகொள்ளும். 2017 மார்ச்சில் வந்த குபர்நெட்டிஸின் 1.6ஆம் பதிப்பு முதல் உரிமைகளை வகுத்துக் கொடுக்கும் முறை பரவத் தொடங்கியபோது டில்லர் பல இடங்களில் முடங்கியது; அதை மீட்க டில்லருக்குக் கிளஸ்டர் அட்மின் உரிமை கொடுப்பதே நடைமுறையானது. ஆனால் இயல்பான நிறுவலில் டில்லர் தன்னிடம் பேசுபவர் யார் என்று கேட்பதில்லை. கிளஸ்டருக்குள் ஏதேனும் ஒரு கண்டெய்னரைக் கைப்பற்றியவர், டில்லர் காது கொடுத்துக்கொண்டிருந்த 44134ஆம் போர்ட்டை எட்டிவிட்டால், அதன் முழு அதிகாரத்தையும் தமதாக்கிக்கொள்ள முடிந்தது. 2019 நவம்பர் 13இல் வெளியான மூன்றாம் பதிப்பில் ஹெல்மை உருவாக்கியோர் டில்லரை அடியோடு நீக்கினர். கட்டளை அடிப்பவருக்கு என்ன உரிமை உண்டோ அதற்குள் மட்டுமே ஹெல்ம் இயங்கும் என்றானது. இயல்புநிலையைத் தேர்ந்தவர்கள் வல்லுநர்கள், அதைக் கேள்வி கேட்கச் சிறு குழுவுக்கு என்ன தகுதி என்று கேட்போர், அந்த வல்லுநர்களே தம் முடிவைத் திரும்பப் பெற்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் ஒரு வரிக் கட்டளையால் நிறுவப்பட்ட டில்லர்களுள், அதை நிறுவியவர் தெரிந்தே அந்த அதிகாரத்தைக் கொடுத்த இடங்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும்.

அதிகாரத்தை உள்ளே விடுவது எத்தகைய முடிவு என்பதற்கு ரஞ்சன்குடிக் கோட்டையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையொட்டி, ஆர்க்காட்டு நவாபின்கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் அக்கோட்டை, அடுக்கடுக்கான மதில்களும் அகழியும் உடையது. 1751இல் கருநாடகப் போரின்போது, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருள் முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படையும் சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுப் படையும் வாலிகண்டபுரத்தையொட்டி எதிரெதிரே நின்றபோது, இரு தரப்பும் வேண்டியது கோட்டைத் தலைவரின் இசைவைத்தான். அவர் இரு பக்கமும் பிடிகொடுக்காமல் காலம் கடத்தி, முடிவில் சந்தா சாகிபின் பக்கத்துக்கு வழிவிட, ஆங்கிலப் படை ஊட்டத்தூர் வழியே திருச்சி நோக்கிப் பின்வாங்கியது. மதிலின் உயரமோ அகழியின் ஆழமோ அன்று எதையும் தீர்மானிக்கவில்லை. உள்ளே யாரை விடுவது என்ற முடிவே தீர்மானித்தது. கிளஸ்டரைச் சுற்றி எத்தனை காப்புகளை எழுப்பினாலும், டெப்ளாய்மென்ட் கருவி உள்மதிலுக்குள் குடியேற்றப்படும் ஆள் என்பதால், அதை நிறுவும் கணமே காப்பின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

மடிக்கணினிக்கும் கிளஸ்டருக்கும் இடையிலான வேறுபாடுகள் அதிகாரத்தோடு நின்றுவிடுவதில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 சிப் பொருத்திய மடிக்கணினிகளைக் கொண்டுவந்த பிறகு, அவற்றில் கட்டப்படும் இமேஜ்கள் ஆர்ம் வகைச் சிப்புக்கு உரியவையாகின்றன; இன்டெல், ஏஎம்டி சிப் கொண்ட நோடில் அவை வடிவம் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரிப் பிழையோடு நின்றுவிடுகின்றன. கைண்டில் பழகியவர் இமேஜை நேரே தம் உள்ளூர்க் கிளஸ்டருக்குள் திணித்துவிடுவார். உண்மையான கிளஸ்டரின் நோடோ அதே இமேஜைத் தானே ஒரு களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், அங்கே அப்படி ஓர் இமேஜே இராது. ஒரே நோடில் எழுதப்பட்ட தரவு எப்போதும் அங்கேயே இருக்கும். மூன்று நோடுகள் இருந்தால், கண்டெய்னர் ஒரு நோடிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதல் நோடின் வட்டில் எழுதிய தரவு அங்கேயே தங்கிவிடும்.

இவற்றைவிட நுட்பமான ஒன்று உண்டு. ஆர்கோ சிடியின் திரையை மடிக்கணினியில் பார்க்க, ஒரு போர்ட்டைத் தம் கணினிக்குத் திருப்பிவிடும் கட்டளையே போதும். அதற்கு மாற்றாக, அந்தச் சேவையின் வகையை லோடு பேலன்சர் என்று மாற்றும் வழியும் சொல்லித்தரப்படுகிறது. கைண்டில் அப்படி மாற்றினால், வெளி முகவரி என்னும் இடத்தில் காத்திருக்கிறது என்ற சொல்லே நெடுநேரம் நிற்கும், கேடு ஒன்றும் இல்லை. அதே கட்டளையை ஒரு கிளவுட் நிறுவனத்தின் கிளஸ்டரில் அடித்தால், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் உலகம் முழுவதும் எட்டக்கூடிய ஒரு முகவரி வந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது மேற்கண்ட மூன்று நட்சத்திரங்களின் உரிமை. மடிக்கணினி எதை எச்சரிக்காமல் விட்டதோ அதுவே கிளஸ்டரில் ஆபத்தாகிறது. 2018 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டிஸ் நிர்வாகத் திரை கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்ததையும், அதன் வழியே நுழைந்தவர்கள் அந்த நிறுவனத்தின் கணிப்பொறி வலிமையைக் கிரிப்டோ நாணயம் ஈட்டப் பயன்படுத்தியதையும் ரெட்லாக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. அது வேறு கருவி. ஆனால் நிர்வாகத் திரையைத் திறந்து வைப்பதன் விளைவு கருவிக்குக் கருவி மாறுவதில்லை.

ஒரு வரிக் கட்டளையின் இன்னொரு குறை, அது சுட்டும் பொருள் நிலையானது அன்று என்பது. ஆர்கோ சிடியின் வழக்கமான கட்டளை நிலையான பதிப்பு என்ற பெயரைச் சுட்டுகிறது. அந்தப் பெயரோ புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நகரும். ஜூன் மாதம் மடிக்கணினியில் சோதித்ததும் டிசம்பரில் கிளஸ்டரில் நிறுவியதும் ஒன்றல்ல, கட்டளை எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும். 2020 நவம்பரில் ஹெல்மின் பழைய பொதுக் களஞ்சியம் கைவிடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழைய பதிப்பின் தொடக்கக் கட்டளையே தோற்றது. 2023இல் குபர்நெட்டிஸின் இமேஜ் களஞ்சியத்தின் முகவரி மாறியது. 2025இல் பிராட்காம் நிறுவனம், எண்ணற்ற ஹெல்ம் பொதிகள் சார்ந்திருந்த பிட்னாமி இமேஜ்களின் பழைய பதிப்புகளை வேறோர் இடத்துக்கு ஒதுக்கியது. ஆண்டுக்கணக்கில் வேலைசெய்த பாடக் குறிப்பு ஒரு காலையில் பிழை காட்டத் தொடங்கும்போது, கட்டளையை மட்டும் கற்றவரிடம் அதைச் சரிசெய்யும் வழி எதுவும் இருப்பதில்லை.

இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி அதே மூச்சில் ஓட்டும் பழக்கத்தின் விளைவுக்கு 2021இல் நடந்த கோட்கவ் நிகழ்வு போதிய சான்று. நிரல்களின் சோதனை அளவைக் கணக்கிட்டுத் தரும் அந்த நிறுவனத்தின் பதிவேற்ற நிரலை அவ்வாண்டு ஜனவரி 31 முதல் ஊடுருவியோர் மாற்றி வைத்திருந்தனர். அதை இறக்கி ஓட்டிய வாடிக்கையாளர்களின் சோதனைச் சூழலிலிருந்த சாவிகளும் கடவுச்சொற்களும் களவாடப்பட வழி திறந்தது. ஏப்ரல் முதல் நாள் இது வெளிப்பட்டது எப்படி என்பதுதான் கவனிக்கத்தக்கது: இறக்கிய கோப்பின் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண், வெளியிடப்பட்டிருந்த எண்ணோடு பொருந்தவில்லை என்பதை ஒரு வாடிக்கையாளர் கண்டு சொன்னார். ஓட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர், இரண்டு மாதங்களாக அப்படிப் பார்க்காமல் விட்ட அனைவரும் செய்யாத உதவியைச் செய்தார்.

இங்கே, கருவிகளை ஆதரிப்போர் தரும் வலுவான ஒரு மறுமொழியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்கோ சிடி போன்றவை கிட்டாப்ஸ் என்னும் முறையைச் சார்ந்தவை. 2017இல் வீவ்வொர்க்ஸ் நிறுவனம் பெயரிட்ட இம்முறையில், கிளஸ்டர் எப்படி இருக்க வேண்டும் என்பது கிட் களஞ்சியத்தில் எழுதி வைக்கப்படும், கிளஸ்டருக்குள் இருக்கும் கருவி அதைப் படித்துத் தானே அப்படி ஆக்கிக்கொள்ளும். ஆகவே பத்துப் பேரின் மடிக்கணினிகளில் கிளஸ்டரின் சாவிகள் கிடக்கத் தேவையில்லை, இது பாதுகாப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு, இம்முறையைப் பின்பற்றவே வேண்டும். ஆனால் சாவி அழிந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது. இப்போது அந்தக் களஞ்சியத்தில் ஒரு மாற்றத்தைச் சேர்க்க உரிமை பெற்ற எவரும் கிளஸ்டரை ஆளும் உரிமை பெற்றவராகிறார். தீய நோக்கத்தோடு எழுதப்பட்ட ஒரு ஹெல்ம் பொதியைக் கொடுத்து, ஆர்கோ சிடி பிற குழுக்களின் சார்பில் வைத்திருந்த கோப்புகளைப் படிக்க இடந்தந்த குறை 2022 பிப்ரவரியில் வெளியாகித் திருத்தப்பட்டதை நினைவுகொள்ளலாம். மடிக்கணினியில் ஒருவரே களஞ்சியத்துக்கும் கிளஸ்டருக்கும் உரிமையாளர் என்பதால், இந்த இடமாற்றமும் அங்கே கண்ணில் படுவதில்லை.

மறுப்புகளிலெல்லாம் மதிக்கத்தக்கது இன்னொன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மிகுந்த மாவட்டங்களில், ஒரு வரிக் கட்டளை இல்லையென்றால் மாணவர் வாசலிலேயே திரும்பிவிடுவர். உரிமை, சரிபார்ப்பு என்று தொடக்கத்திலேயே சுமையேற்றுவது நகரத்து வசதி பெற்றோருக்கே இத்துறையை விட்டுக்கொடுப்பதாகும் என்கின்றனர். அக்கறையிலிருந்து எழும் இவ்வாதம் முடிவில் மட்டும் பிழைபடுகிறது. எளிய வழியால் உண்மையில் தடுக்கி விழுபவர் அந்த மாணவரே. டாக்கர் ஹப் என்னும் பொதுக் களஞ்சியம் 2020 நவம்பர் முதல், கணக்கின்றி இமேஜ் இறக்குவோருக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறை என ஒரு வரம்பு வைத்தது. அந்த எண்ணிக்கை ஆள் வாரியாக அன்றி ஐபி முகவரி வாரியாகவே வைக்கப்படுகிறது. ஒரு கல்லூரி ஆய்வகத்தின் 60 கணினிகள் ஒரே வெளி முகவரி வழியே இணையத்துக்குப் போகும்போது, ஆளுக்கு இரண்டு இமேஜ் இறக்குவதற்குள் வரம்பு முடிந்துவிடும். திரையில் இமேஜ் புல் பேக்ஆஃப் என்று வந்து நிற்கும். கட்டளையை மட்டும் கற்ற மாணவர், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். இமேஜ் எங்கிருந்து வருகிறது, அதை யார் எப்போது இறக்குகிறார் என்பதைக் கற்றவரோ, ஆய்வகத்துக்குள் ஒரு கணினியைக் களஞ்சியமாக்கி, ஒருமுறை இறக்கியதை அனைவரும் எடுத்துக்கொள்ளச் செய்வார். அதற்குப் புதிய கருவியோ கிரெடிட் கார்டோ தேவையில்லை.

இது நகரத்து நிறுவனங்களின் கவலை மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரு பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் தொடங்கிய மாசிப் என்னும் திறந்த மூல அடையாள அமைப்பும், இகவ் அறக்கட்டளையின் டிஜிட் என்னும் நகராட்சிச் சேவைத் தளமும் குபர்நெட்டிஸ் மீது, ஹெல்ம் பொதிகளால் நிறுவப்படுபவை. மக்களின் கைரேகையும் வீட்டு வரியும் இருக்கும் இடங்கள் இவை. அங்கே டெப்ளாய்மென்ட் கருவிக்கு அளவுக்கு மீறிய உரிமை கொடுக்கப்பட்டிருந்தால், அதன் விளைவை அனுபவிப்பவர் அந்தக் கட்டளையை அடித்தவரல்லர்.

உள்ளூர் நிறுவல் வேண்டாம் என்பதன்று இம்மறுப்பு. அது எதற்கு என்பதே வினா. கருவி ஓடுகிறது என்று காட்டுவதற்கு அது பயன்படுவதைவிட, கருவி என்னென்ன கேட்கிறது என்று படிப்பதற்கே மிகுதியும் பயன்படும். ஹெல்மின் டெம்ப்ளேட் கட்டளை எதையும் நிறுவாமல், நிறுவப்போவதை எழுதிக் காட்டுகிறது; அதில் கிளஸ்டர்ரோல் என்ற சொல்லைத் தேடினால் கிளஸ்டர் அளவில் கேட்கப்படும் அதிகாரம் ஒரே பார்வையில் வந்துவிடும். நீக்குவதையும் உள்ளூரிலேயே பழக வேண்டும். கைண்டில் பயில்பவர், வேலை முடிந்ததும் கிளஸ்டரையே அழித்துவிடுகிறார். அதனால் கருவியை மட்டும் நீக்கும் அனுபவம் அவருக்குக் கிட்டுவதே இல்லை. ஆர்கோ சிடியில் ஒரு செயலியின் பதிவை, அதில் ஃபைனலைசர் என்னும் குறிப்பு இருக்கும் நிலையில் நீக்கினால், அதனால் ஏற்றப்பட்ட அனைத்தும் சேர்ந்தே அழியும். அந்தப் பதிவுகளைக் கவனிக்க வேண்டிய கருவியை முதலில் நீக்கிவிட்டாலோ பதிவுகள் அழியாமல் தொங்கி நிற்கும். இந்த இரண்டையும் உண்மையான கிளஸ்டரில் முதன்முறை காண்பது கொடிய அனுபவம்.

பெரம்பலூர் வட்டாரக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் மூன்று பழைய கணினிகள் போதும், கே3எஸ் கொண்டு மூன்று நோடுகள் உடைய உண்மையான கிளஸ்டர் ஒன்றை எழுப்பிவிட. அதன் முழு அதிகாரச் சாவியை ஆய்வகப் பொறுப்பாளர் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நேம்ஸ்பேஸுக்கு மட்டும் செல்லும் சாவியைத் தர வேண்டும். ஆர்கோ சிடியின் வழக்கமான கோப்பை அவர்கள் முதலில் அனுப்பட்டும். கிளஸ்டர்ரோலை உருவாக்க உரிமையில்லை என்ற மறுப்பு வரட்டும். அதன்பின் தம் நேம்ஸ்பேஸுக்குள் எந்தெந்தப் பொருளைப் பார்க்கவும், உருவாக்கவும், திருத்தவும், நீக்கவும் கருவிக்கு உரிமை தேவை என்பதை நட்சத்திரக் குறி இல்லாமல் ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பட்டியலுக்கே செய்முறைத் தேர்வில் மதிப்பெண் அளிக்கலாம்.